ராதிகா சொல்லாத வரி

எங்கள் பள்ளிக்கூடத்து லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். ப்ளஸ் ஒன்னில் சேர்ந்த முதல் வாரம் ஜெசிந்தா மிஸ், "யாரோட உக்காரணுமோ உக்காந்துக்குங்க. அப்புறம் மாத்த மாட்டேன்" என்றார். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். ராதிகா வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஜன்னல் பக்கத்து மேசையில் உட்கார வைத்தாள். அங்கே ஒரு நாற்காலியும் ஒரு ஸ்டூலும் இருந்தன. அவள் ஸ்டூலை எடுத்துக்கொண்டாள். கீபோர்டு நாற்காலிக்கு நேராக இருந்தது. அதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. அன்றிலிருந்து அவள் சொல்வாள், நான் அடிப்பேன்.

ராதிகாவுக்கு வாய் ஓடினால்தான் மூளை ஓடும். பைத்தான் ப்ரோகிராமைக்கூட அவள் கதை மாதிரிதான் சொல்வாள்.

"இங்க பாரு புள்ள, ஒரு வார்த்தைய வாங்கிக்க. பக்கத்துல காலியா ஒரு கூடை வெச்சுக்க. வார்த்தையோட வால்ல இருந்து ஒவ்வொரு எழுத்தா பிச்சுக் கூடைல போடு. எழுத்து தீர்ற வரைக்கும் போட்டுக்கிட்டே இரு. தீர்ந்துச்சா? கூடையக் காட்டு. அவ்ளோதான்."

ஒரு வார்த்தையைத் தலைகீழாகத் திருப்பும் ப்ரோகிராம் அது. அவள் சொல்லி முடிக்கும்போது நானும் அடித்து முடித்திருப்பேன். ரன் கொடுத்தால் ஓடும். ராதிகா தன் பேரைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். எனக்கு அவள் மூச்சு வாங்குகிற சின்ன இடைவெளிகள் பிடிக்கும். அந்த நேரத்தில் என் விரல்கள் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்.

"நீ என் விரலு, நான் உன் வாயி" என்பாள்.

ஜெசிந்தா மிஸ் எங்கள் மேசையைத் தாண்டும்போது, "ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு நல்ல ஸ்டூடன்ட்" என்று சொல்வார். பாராட்டு என்றுதான் இரண்டு வருஷமும் நினைத்திருந்தேன்.

ப்ளஸ் டூ பிப்ரவரியில் ஒரு காலை, ரெக்கார்டு நோட்டுகளில் எல்லாம் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு மிஸ் சொன்னார். "வெள்ளிக்கிழமை ப்ராக்டிகல். கிளாஸை ரெண்டா பிரிச்சுடுவோம். ஆளுக்கு ஒரு சிஸ்டம். கேள்வி சீட்டு குலுக்கிப் போட்டு எடுக்கணும். மலைக்குக் கீழ இருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வர்றாங்க. யாரும் யாரோடயும் பேசக் கூடாது."

இது ஒன்றும் புதிய செய்தி இல்லை. ப்ளஸ் டூவுக்கு எல்லா வருஷமும் அப்படித்தான் நடக்கிறது. ஆனாலும் ஸ்டூலில் இருந்த ராதிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என் கைகளைப் பார்த்தேன்.

அன்றைக்கே மிஸ் எங்களைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பழகச் சொன்னார். ராதிகா ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு கீபோர்டுக்கு மேல் வட்டமிட்டாள். ஒரு எழுத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்தது மறந்துவிடுகிறது. பின் மேசையில் இருந்த கார்த்தி எட்டிப் பார்த்தான்.

"என்னுங்க ராதிகா மேடம், காட்டுல தொலைஞ்ச ஆட்டுக்குட்டியத் தேடுறாப்ல தேடுறீங்க?"

"உன் மூஞ்சியத்தான் தேடுறேன். குட்டின்னு நெனச்சு எவனாச்சும் ஓட்டிட்டுப் போயிருப்பான்."

அவளுக்குச் சிரிக்க முடிந்தது. அவள் தலையில் எல்லாம் இருக்கிறது, விரல்தான் வராது. மெதுவாக அடித்தாலும் அடித்துவிடுவாள். என் நிலைமை வேறு. வெள்ளைத் திரையில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. பத்து விரலும் தயாராக இருந்தன. ஆனால் ஒன்றும் வரவில்லை. முதல் வரி என்ன என்று யோசித்தால் ராதிகாவின் குரல்தான் நினைவுக்கு வந்தது, அந்தக் குரல் சொன்ன விஷயம் வரவில்லை. பீரியடு முடிந்து மணி அடிக்கும்போது திரை அப்படியே வெள்ளையாக இருந்தது.

மிஸ் என் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்னாச்சு பானுமதி?"

"ஒண்ணுமில்லீங்க மிஸ்."

"அதான் பார்க்கிறேனே, ஒண்ணுமே இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ப்ராக்டிகலில் தேறவில்லை என்றால் பாடத்திலேயே தேறவில்லை என்றுதான் அர்த்தம். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர வேண்டும் என்று நான் வைத்திருந்த எண்ணம் அத்தோடு போய்விடும். ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கும்போது என்னைக் குடைந்தது அது இல்லை. இரண்டு வருஷமாக எத்தனையோ ப்ரோகிராம் அடித்திருக்கிறேன். அதில் எனக்கு ஏதாவது தெரியுமா, தெரியாதா? தண்ணீர் ஓடுகிற குழாய்க்குத் தண்ணீரைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்குமா? வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

பஸ்ஸில் ஒரு வேடிக்கை நடந்தது. சோளக்காட்டில் வாழைத்தார்களோடு கூட்டம் ஏறியது. கண்டக்டர் பூபதி அண்ணன் படியில் தொங்கியபடி, "உள்ள எடம் இருக்கற வரைக்கும் போய்க்கிட்டே இருங்க! எடம் இல்லீன்னா நில்லுங்க!" என்று கத்தினார். மடியில் வைத்திருந்த பையின் மேல் என் விரல்கள் அசைந்தன. குனிந்து பார்த்தேன். 'ஒயில்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்துக்கொண்டிருந்தன. ஒரு நிபந்தனை சரியாக இருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய் என்பதற்குப் பைத்தானில் அதுதான் சொல். எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. யார் என்ன சொன்னாலும் அடிக்கின்றன, நான் சொன்னால் மட்டும் அடிப்பதில்லை.

ஆலத்தூர் நாட்டில் இருக்கிற எங்கள் மலையூரில் அப்போது மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து அப்பா மேலே ஏறியிருந்தார். ஏணியில் நிற்பவருக்கு முகத்துக்கு முன்னால் இருக்கிற இலைதான் தெரியும். அதனால் கீழே ஒருவர் நின்று பழுத்த கொத்து எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அன்று அம்மா அண்டை வீட்டுக்குப் போயிருந்ததால் நான் நின்றேன்.

"இடது கைப் பக்கம். இன்னும் மேல. அதுக்குப் பக்கத்துல சிவப்பா ஒண்ணு."

"உன் வாயில இருந்து இத்தனை பேச்சா? மழை வரப்போகுது" என்றார் அப்பா மேலேயிருந்து.

இறங்கி வந்து இடுப்புத் துணிப்பையைச் சாக்கில் கொட்டினார். நான் சொன்ன கொத்துகள் இவ்வளவு இல்லை. மரத்தின் பின்பக்கம் என் கண்ணுக்கே தெரியவில்லை, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவும் இல்லை.

"பின்னாடி இருந்தது எப்படிப்பா தெரிஞ்சுது?"

"எது கண்ணு?"

"பின்பக்கத்துக் கொத்து."

அப்பா மரத்தை அண்ணாந்து பார்த்தார். "அங்கயும் பறிச்சனா?" என்றார். அப்புறம் ஏணியைத் தூக்கி அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் ராதிகாவும் நானும் இடம் மாறி உட்கார்ந்து பார்த்தோம். அவள் நாற்காலியில், நான் ஸ்டூலில்.

"சொல்லு. நீ சொல்லு, நான் அடிக்கறேன்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. ராதிகா காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியாது, ஆனால் அன்று காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி மைதானத்தை மூடிக்கொண்டே வந்தது. கொடிக்கம்பம் முதலில் மறைந்தது, பிறகு கேட் மறைந்தது.

"சாமி, ஊமைக்குக்கூட கொஞ்சம் சத்தம் வரும்" என்றாள் கடைசியில். பிறகு அவளே, "சரி விடு, நானே சொல்றேன், நீயே அடி" என்று எழுந்துவிட்டாள். பழைய இடத்துக்கு வந்ததும் இருவருக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் மிச்ச நாட்களும் போயின.

வெள்ளிக்கிழமை எக்ஸ்டர்னல் வந்தார். பாலசுப்பிரமணியம் சார். காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறி மலைப்பாதையின் எல்லா வளைவுகளையும் வயிற்றில் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கையின் சுண்டுவிரல் காதுக்குள். வாயைப் பெரிதாகத் திறந்து திறந்து மூடினார்.

"மிஸ், மலை ஏறினதுல இருந்து காது அடைச்சுக்கிச்சு. நீங்க பேசறது கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு."

"கொஞ்ச நேரத்துல சரியாயிடும் சார். நான் இங்க வந்து மூணு வருஷம் ஆச்சு, இன்னும் ஊருக்குப் போயிட்டு வந்தா அடைக்கும்" என்றார் ஜெசிந்தா மிஸ்.

சீட்டு எடுத்தோம். எனக்கு வந்தது: ஒன்று முதல் பத்து வரை உள்ள எண்களின் பட்டியலில் ஒற்றைப்படை எண்களை நீக்கிக் காட்டு. ராதிகா தன் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். வார்த்தையைத் திருப்புவது. அவளுக்குப் பிடித்தது.

என் இடம் ஜன்னல் பக்கம். அவளுக்கு என் முதுகுக்குப் பின்னால் இருந்த வரிசை. முதலில் ப்ரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும், அப்புறம் தாளில் எழுத வேண்டும் என்று சொன்னார்கள்.

கர்சர் சிமிட்டியது. விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். லேபில் அத்தனை அமைதி இருந்து நான் கேட்டதில்லை. யூபிஎஸ் பெட்டியின் ரீங்காரம், கீபோர்டுகளின் சத்தம், யாரோ மூக்கை உறிஞ்சுவது. அதற்கும் அடியில் எங்கேயோ எனக்குள் ஒரு குரல் மெல்லக் கேட்க ஆரம்பித்தது. வந்துவிட்டது, நானே யோசிக்கிறேன் என்று நினைத்தேன். அது ராதிகாவின் குரலாக இருந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இரண்டு வருஷம் கேட்ட குரல் வேறு எப்படி இருக்கும்? விரல்கள் ஓடின. குரல் நின்ற இடத்தில் நின்றன, தொடர்ந்த இடத்தில் தொடர்ந்தன. முடிந்ததும் கண்ணைத் திறந்தேன்.

திரையில் வார்த்தையைத் திருப்பும் ப்ரோகிராம் இருந்தது.

எண்கள் இல்லை, பட்டியல் இல்லை. குரல் எனக்குள்ளிருந்து வரவே இல்லை. என் முதுகுக்குப் பின்னால் ராதிகா தன் கேள்வியை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"ராதிகா, வாயை மூடு" என்றார் மிஸ்.

முணுமுணுப்பு நின்றது. பாலசுப்பிரமணியம் சார் வரிசைகளுக்கு நடுவே மெதுவாக வந்துகொண்டிருந்தார். என் பின்னால் ஒரு கணம் நின்றார், குனிந்து என் சீட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், நகர்ந்துவிட்டார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழிக்கப் போனேன்.

அழிப்பதற்கு முன் கடைசி வரியைப் பார்த்தேன்.

ரிட்டர்ன்.

ஒரு ஃபங்ஷன் தன் வேலையை முடித்த பிறகு கிடைத்ததை வெளியே கொடுக்கும் வரி அது. அதை ராதிகா சொல்லவில்லை. இப்போதுதான் கேட்டேன், நன்றாக நினைவிருக்கிறது. வார்த்தைய வாங்கிக்க, கூடை வெச்சுக்க, பிச்சுப் பிச்சுப் போடு, கூடையக் காட்டு. கொடு என்று அவள் சொல்லவே இல்லை. இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை.

மேலே பார்த்தேன். ஒரு வரியின் முடிவில் கோலன் என்ற இரட்டைப் புள்ளி இருக்கிறது. அதை அவள் சொல்லவில்லை. அதற்கடுத்த வரி உள்ளே தள்ளி ஆரம்பித்திருக்கிறது, அதையும் சொல்லவில்லை. கடைசி எழுத்து என்று அவள் சொன்னதற்கு, நீளத்தில் ஒன்றைக் கழி என்று அடித்திருக்கிறது, ஏனென்றால் பைத்தான் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். வால் என்றுதான் அவள் சொல்வாள். அந்த ஒன்றைக் கழித்தது யார்?

கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பரீட்சை நடந்துகொண்டிருந்தது, நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. தெரியாமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அங்கே மாட்டியிருக்கிற சட்டையெல்லாம் என் அளவில் இருப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது. அவள் சொன்னது பத்து வார்த்தை என்றால் திரையில் இருப்பதில் பாதி அவள் சொல்லாதது. பயத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆர்வம் வந்தது. இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது உள்ளே?

எல்லாவற்றையும் அழித்தேன்.

இப்போது பின்னாலிருந்து குரல் இல்லை. திரை அன்றைக்குப் போலவே வெள்ளையாக இருந்தது. ஆனால் இந்தத் தடவை முதல் வரியைத் தேடவில்லை. ராதிகா சொல்கிற மாதிரி, வாயை அசைக்காமல், எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எண்ணை வை. சின்னக் குரலாக இருந்தது, தடுமாறியது, ஆனால் ராதிகாவின் குரல் இல்லை. விரல்கள் அசைந்தன. பத்துக்குப் பதிலாகப் பதினொன்று என்று எல்லையை அடித்தன, பத்தும் சேர வேண்டும் என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை. நிறுத்தி அதைப் பார்த்தேன். சரி, மேலே போ.

ஒவ்வொரு எண்ணா பாரு. ஒற்றைப்படையா இருந்தா தூக்கிப் போடு. இங்கே விரல்கள் நின்றுவிட்டன. ஏன் என்று யோசித்தேன். ஒரு வரிசையில் நடந்துகொண்டே அதிலிருந்தே ஆளை எடுத்தால் பின்னால் இருப்பவர்கள் முன்னால் நகர்ந்துவிடுவார்கள். அடுத்து யாரைப் பார்ப்பது என்பதில் குழப்பம் வரும். தூக்கிப் போட வேண்டாம். பக்கத்தில் காலியாக ஒரு கூடை வைத்துக்கொள்ளலாம். ரெண்டால வகுத்து மீதி வராததை மட்டும் கூடையில் போடு. கூடை ராதிகாவுடையது. அதை எடுத்துக்கொண்டதில் எனக்கு வெட்கம் இல்லை.

ரன் கொடுத்தேன். இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து.

அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ராதிகா மூச்சை இழுப்பது கேட்டது. "ஐயோ, நன்னுனு வருதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கையில் ஒன்றும் இல்லை என்றால் பைத்தான் 'நன்' என்ற அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் காட்டும். கூடை நிறைய எழுத்தைப் போட்டுவிட்டு அதை வெளியே கொடுக்காமல் விட்டிருக்கிறாள். எனக்குத் தெரிந்தது. எனக்குத்தான் தெரியும். அவள் விரலாக இருந்தவள் நான். ஆனால் பேசக் கூடாது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பேச வேண்டும்போல் இருந்தது.

பாலசுப்பிரமணியம் சார் என் மேசைக்கு வந்தார். எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு என் திரையைப் பார்த்தார்.

"இது சரி. ஆனா முன்னாடி நீ வேற ஒண்ணு அடிச்சு வெச்சிருந்த. வார்த்தையத் திருப்பறது. அது உன் கேள்வியே இல்லையே?"

நான் எழுந்து நின்றேன்.

"எங்கேயிருந்து பார்த்து அடிச்ச?"

"பார்க்கலீங்க சார்."

"என்ன?"

"பார்க்கலீங்க சார்."

"அம்மா, எனக்குக் காது அடைச்சிருக்கு. உள்ளுக்குள்ளயே பேசினா நான் எங்கே போறது? சத்தமா சொல்லு." சுண்டுவிரலைக் காதில் விட்டு ஆட்டினார். "மனப்பாடம் பண்ணி வெச்சதுன்னா தெரிஞ்சுடும். அதுல கடைசியா ரிட்டர்ன்னு ஒரு வரி போட்டிருந்தியே, அது எதுக்கு?"

லேபில் எல்லோரும் திரும்பியதுபோல் இருந்தது. ஜெசிந்தா மிஸ் சுவரோரம் நின்று என்னையே பார்த்தார். பாலசுப்பிரமணியம் சார் காத்திருந்தார். பனி ஜன்னல் கண்ணாடியில் நீராக இறங்கிக்கொண்டிருந்தது. யூபிஎஸ் பெட்டி ரீங்கரித்தது. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானதுதான், ஆனால் இந்தத் தடவை அதற்குள் சொல்வதற்கு ஒன்று இருந்தது.

"கூடைல போட்டா மட்டும் பத்தாதுங்க சார்" என்றேன். என் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. இவ்வளவு பெரியதா என் குரல்? "போட்டதை ஃபங்ஷனுக்கு வெளிய எடுத்துக் கொடுக்கணுங்க. கொடுக்கலீன்னா உள்ள எல்லாம் சரியா நடந்திருக்கும், ஆனா வெளிய இருக்கறவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதுங்க. நன்னுன்னுதான் வரும்."

"ரிட்டர்னை எங்கே போடணும்?"

"சுத்து முடிஞ்ச பின்னாடிங்க சார். உள்ள தள்ளிப் போட்டுட்டா முதல் எழுத்தோட வெளிய வந்துடும். ஒயிலுக்கு நேரா வரணுங்க."

சார் தலையாட்டினார். தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். மதிப்பெண்ணை நான் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"இவ்வளவு தெரிஞ்சவ ஏன்மா முதல்ல அத்தனை மெதுவா பேசின?" என்றார். பிறகு மிஸ்ஸைப் பார்த்து, "மிஸ், இப்ப ஒரு காது திறந்துடுச்சு" என்றார்.

நான் உட்கார்ந்தேன். தாளையும் பேனாவையும் எடுத்தேன். எழுதத் தொடங்குவதற்கு முன், என் முதுகுக்குப் பின்னால் ஒரு விரல் கீபோர்டின் மேல் வட்டமிடுவதை உணர முடிந்தது. பிறகு ஒரு தட்டல். தேடல். இன்னொரு தட்டல். ஆங்கிலத்தில் ரிட்டர்னுக்கு ஆறு எழுத்து. பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு, அவள் ஆறாவதைக் கண்டுபிடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.